நாற்பத்தொன்றாம் கவர்

மார்ச் 3

சின்னவளுக்கு,

ஃபோனை எடுக்க மாட்டேன் என்கிறாய். எடுத்தாலும் "அக்கா, ரவுண்ட்ஸ்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் ஏழு வாரமாக வரவில்லை. அதனால் கடிதம் எழுதுகிறேன். இதைப் பாதியில் துண்டிக்க முடியாது பார்.

உன் ஆஸ்பத்திரியில்தான் எனக்கு வைத்தியம் நடக்கிறது, ஆகவே என் உடம்புச் சேதி உனக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் என் வாயால் சொல்கிறேன். மார்பை எடுத்த இடத்தில் மறுபடி நீர் கோத்துக்கொண்டது. நேற்று மூன்றாவது தடவையாக ஊசி போட்டு உறிஞ்சினார்கள். கண்ணாடி போட்ட சின்ன டாக்டர்தான் வந்தார். பாவம், ஆசிட் பாட்டிலை முதல்முறை திறக்கிற என் மாணவர்களைப் போல அவருக்கும் கை நடுங்குகிறது. தையல் ஓரத்தில் கறுத்துக் கிடந்த தோல் உதிர்ந்து, அடியில் சிவப்பாக வந்திருக்கிறது. ஆறுகிற அடையாளமாம். கையை இன்னும் முழுசாகத் தூக்க முடியவில்லை. கரும்பலகையின் கீழ்ப்பாதியிலேயே சமன்பாடுகளை எழுதி முடித்துவிடுகிறேன். கடைசி பெஞ்சுக்காரர்கள் எழுந்து நின்று பார்க்கிறார்கள்.

என் குறை அதுவல்ல. நேற்று டிரஸ்ஸிங் அறையில், திரைக்கு அடியில் ஒரு ஜோடிச் செருப்பு வந்து நின்றது. இடது வார் பிய்ந்து, நீல நூலால் தைத்த செருப்பு. அந்த நீல நூலைக் கோத்தவள் நான். ஒரு நிமிஷம் நின்றது, அப்புறம் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. நான் மேலே துணியில்லாமல், விலாவில் ஊசியோடு உட்கார்ந்திருந்தேன். 

உன் அத்தான் "அவளுக்கு வேலை ஜாஸ்தி, விடு" என்கிறார். எனக்கு உன்னை முப்பத்தெட்டு வருஷமாகத் தெரியும். வேலை கூடினால் நீ எரிந்து விழுவாய், ஒளிய மாட்டாய். அல்லது நான் செய்த எதையாவது கண்டுபிடித்துவிட்டு, முகத்துக்கு நேரே கேட்க மனசு வராமல் ஒதுங்குகிறாயா? அப்படியென்றால் கேட்டுவிடு. இப்படி விட்டால் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

பக்கத்துப் படுக்கைத் தையல்காரம்மா வாராவாரம் ஃபோன் செய்கிறார். அன்று காலை எனக்கு அடுத்து ஆபரேஷனுக்குப் போனாரே, அவர்தான். எட்டாம் நாள் நீர் வடிகிற குழாயை எடுத்து, பன்னிரண்டாம் நாள் மெஷினில் உட்கார்ந்துவிட்டாராம். ஒரு சொட்டு நீர் கோக்கவில்லை. "எல்லாம் உங்க தங்கச்சி கைராசி" என்கிறார். வெட்டியது பெரிய டாக்டர், நீ இல்லை என்று நான் திருத்தப் போகவில்லை.

பதில் போடு.

அக்கா

*

மார்ச் 9

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. செருப்பு என்னுடையதுதான். அவசர அழைப்பு வந்தது, திரும்பிவிட்டேன். நீ நினைப்பதுபோல் ஒன்றுமில்லை. உன்மேல் என்ன குறை கண்டுபிடிக்கப் போகிறேன்?

வேலை உண்மையிலேயே கழுத்தை நெரிக்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரையை ஏப்ரல் பத்துக்குள் அனுப்ப வேண்டும். எனக்கு இங்கே நிரந்தர இடம் கிடைப்பது அதை வைத்துத்தான். அந்த ஆராய்ச்சியில் சேரச் சம்மதித்து நீ கையெழுத்துப் போட்ட அன்று எல்லாம் விளக்கினேன், ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. மார்பை அகற்றும்போது முதலில் மேல்தோலை உள்ளே இருக்கிற சதையிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று சாதாக் கத்தி. வெட்டிக்கொண்டே போய், ரத்தம் கசிகிற இடத்தையெல்லாம் நூலால் கட்ட வேண்டும். நேரமும் பிடிக்கும், ரத்தமும் போகும். மற்றது கரண்ட் கத்தி. வெட்டும்போதே ரத்தக்குழாயைப் பொசுக்கி அடைத்துவிடும். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் அந்தச் சூடு பக்கத்துக் கொழுப்பையும் தொடுகிறது. அதனால் பிறகு நீர் அதிகம் ஊறுகிறதா, தோல் கறுக்கிறதா என்பதுதான் எங்கள் கேள்வி.

எண்பது பெண்கள். யாருக்கு எந்தக் கத்தி என்பதை டாக்டரும் தீர்மானிக்கக் கூடாது, நோயாளியும் தீர்மானிக்கக் கூடாது. சீட்டுகளை முன்கூட்டியே கவரில் ஒட்டி, எண் போட்டு அடுக்கியிருந்தோம். காலையில் வருகிறவருக்கு வரிசையில் அடுத்த கவர். அதைத் திறந்து சீட்டைத் தியேட்டருக்குள் அனுப்புவது என் பொறுப்பு. மூன்றாம் நாள் குழாயோடும் பாட்டிலோடும் வீட்டுக்கு அனுப்புவோம். தினமும் பாட்டிலில் வடிந்ததை அளந்து நோட்டில் எழுத வேண்டியது நோயாளியின் பொறுப்பு. தொடர்ந்து இரண்டு நாள் முப்பது மில்லிக்குக் கீழே வந்தால் குழாயை எடுத்துவிடலாம்.

உன் நோட்டைப் பெரிய டாக்டர் போன வாரம் எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டினார். "எண்பது நோட்டுல உருப்படியான நோட்டு இது ஒண்ணுதான்யா. நேரம் போட்டு, கோடு போட்டு... நீங்க எல்லாம் டாக்டருங்க, இந்த டீச்சரம்மாகிட்ட டியூஷன் போங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாத்திரையை நிறுத்தாதே. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

சின்னவள்

*

மார்ச் 14

சின்னவளுக்கு,

உன் கடிதத்தின் கடைசியில் "அடுத்த வாரம் வருகிறேன்" என்று எழுதி, அதை அடித்திருக்கிறாய். வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். வர முடியாது என்றால் எழுதாதே, எழுதினால் அடிக்காதே.

அந்த நோட்டை இனி யாரிடமும் காட்ட வேண்டாம் என்று பெரிய டாக்டரிடம் சொல். என் உடம்பு, என் கையெழுத்து, சிரிக்கிற கூட்டத்தில் எதற்குத் தூக்கிக் காட்டுகிறார்?

இன்னொன்று கேட்க வேண்டும். நேற்றுத் தையல்காரம்மாவிடம் உன் கவர் விஷயத்தைச் சொன்னேன், நீ எழுதியிருந்தது போலவே. அவர் சிரித்துக்கொண்டே, "அதுவா, நான்தான் பார்த்தேனே டீச்சர். உங்களை உள்ள தள்ளிட்டுப் போறதுக்கு முன்னாடி உங்க தங்கச்சி ஜன்னல்கிட்ட நின்னு ரெண்டு கவரைப் பிரிச்சாங்க. அப்புறம் ஒண்ணை பிளாஸ்திரி போட்டு ஒட்டினாங்க. எனக்கு வந்த கவர்ல பிளாஸ்திரி இருந்துச்சு" என்றார். அவருக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லாவற்றுக்கும் பிளாஸ்திரிதானே ஒட்டுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார்.

வரிசையில் அடுத்த கவர் என்று நீதான் எழுதினாய். ஒருவருக்கு ஒரு கவர். எனக்கு எதற்கு இரண்டு?

அக்கா

*

மார்ச் 20

அக்கா,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை தொடங்கிக் கிழித்துப் போட்டேன். இதுவும் நன்றாக வராது. அனுப்பிவிடுகிறேன்.

உன் கவர் நாற்பத்தொன்று. அதில் கத்தி என்று இருந்தது. நான் சீட்டை மாற்றினேன்.

அதற்கு முந்தைய வாரம் கத்தியில் ஒரு அம்மாவுக்கு நிறைய ரத்தம் போனதைப் பார்த்திருந்தேன். உனக்கோ ரத்தம் எப்போதும் குறைவு. அன்று காலை நீ தாழ்வாரத்தில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கவரைத் திறந்ததும் என் கை தானாக அடுத்த கவருக்குப் போயிற்று. தானாக என்பது பொய். யோசித்துத்தான் போயிற்று. ஜன்னல் பக்கம் திரும்பி நாற்பத்திரண்டைப் பிரித்தேன். கரண்ட் என்று இருந்தது. அந்தச் சீட்டை உனக்கு அனுப்பிவிட்டு, உன் சீட்டை நாற்பத்திரண்டில் வைத்து ஒட்டினேன். நாற்பத்திரண்டு யாருக்கு என்று எனக்குத் தெரியும். உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு.

அதிலும் கத்தி இருந்திருந்தால் நாற்பத்துமூன்றைப் பிரித்திருப்பேன், அக்கா. அதுவும் எனக்குத் தெரியும்.

எது நல்லது என்று யாருக்கும் தெரியாததால்தான் இந்த ஆராய்ச்சியே. எனக்குத் தெரியும் என்று நான் நினைத்தேன். நல்லதை உனக்கும், மிச்சத்தை முகம் தெரிந்த ஒருவருக்கும் பங்கு போட்டேன். கடைசியில் அவருக்கு ஒழுங்காக ஆறிவிட்டது, உனக்கு நீர் கோத்துத் தோல் கறுத்துப்போயிற்று. நான் பொறுக்கிக் கொடுத்த சூடு. திரைக்கு வெளியே அதனால்தான் நின்றேன். உன் காயத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்த்தால் உன் முகத்தில் முழிக்க முடியாது என்று நினைத்தேன். இப்போதும் முடியவில்லை.

பெரிய டாக்டருக்குத் தெரியாது. கட்டுரை முடிந்துவிட்டது, கீழே என் பெயர் இருக்கிறது. என்ன செய்யச் சொல்கிறாயோ சொல். சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதே.

சின்னவள்

*

மார்ச் 25

உன் கடிதத்தைப் படித்தேன். பேர் போட்டுத் தொடங்க மனம் வரவில்லை.

ரத்தம் குறைவு என்று ஒரு சாக்கு. எனக்கு ரத்தம் குறைவு என்றால் தையல்காரம்மாவுக்கு என்ன, பீப்பாய் கணக்கில் இருந்ததா? நீ பார்த்தாயா? அவருக்குக் கரண்ட் கத்தி கிடைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நன்றாக ஆறிவிட்டதால் நீ செய்தது நன்றாகிவிடாது. அவர் வாராவாரம் கூப்பிட்டு உன் கைராசியைப் புகழ்கிறார், நான் "ஆமாம் ஆமாம்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இனி அந்த ஃபோனை எப்படி எடுப்பேன்?

முப்பது வருஷமாகச் செய்முறைத் தேர்வு நடத்துகிறேன். பக்கத்து மேசையைப் பார்த்து அளவு எழுதினவனை வெளியே அனுப்பியிருக்கிறேன். அழுதாலும் விட்டதில்லை. என் வீட்டில் வளர்ந்தவள் நீ, உனக்கு

மார்ச் 27

மேலே பாதியில் நிறுத்திவிட்டேன். அந்த வரியை எப்படி முடிப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். முடிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

சின்னவளே, அந்த நோட்டு பொய்.

முதல் நான்கு நாள் சரியாகத்தான் எழுதினேன். மேசையில் அளவு ஜாடியை வைத்து, கண் மட்டத்துக்குக் குனிந்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறபடியே படித்தேன். ஐந்தாம் நாள் எழுபது வந்தது. இருபத்தெட்டு என்று எழுதினேன். ஆறாம் நாள் அறுபத்தைந்து. இருபத்துநான்கு என்று எழுதினேன். நேரம்கூடப் போட்டேன். கோடும் போட்டேன்.

ஒன்பதாம் நாள் பள்ளியில் செய்முறைத் தேர்வு. சால்வைக்குள் பாட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டு, அதில் சிவப்பாய் ஆட ஆட, நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஒருபக்கம் தட்டையாக நிற்பதே போதும் போதும் என்றிருந்தது. இன்னொன்றும் உண்டு. "ஆறே நாள்ல குழாயை எடுத்துடலாம் அக்கா" என்று நீ சொல்லியிருந்தாய். உன் வாக்குப் பலிக்கட்டும் என்று நினைத்தேன். உனக்கு உதவுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பதுக்குக் கீழே என்று நம்பித்தான் குழாயை உருவினார்கள். வடிய வேண்டியது வடிய வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்டது. நீர் கோத்ததற்கு உன் கரண்ட் காரணமா, என் பேனா காரணமா? இனி எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நீ இத்தனை வாரமாக என் காயத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டிருந்தாய். நான் இத்தனை வாரமாக நீ அந்த நோட்டைக் கண்டுபிடித்துவிட்டாய் என்று குன்றிப்போய்க் கிடந்தேன். அதைத்தான் உங்கள் பெரிய டாக்டர் தூக்கிக் காட்டியிருக்கிறார்.

என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்டாய். உன்னை வெளியே போ என்று சொல்ல எனக்கு இப்போது வாய் இல்லை. ஆனால் ஏப்ரல் பத்துக்கு முன்னால் சொல்லிவிடு. என்னுடையதையும் சேர்த்துச் சொல். என் பெயரைப் போட்டே சொல்.

அக்கா

*

ஏப்ரல் 4

அக்கா,

திங்கட்கிழமை பெரிய டாக்டரிடம் சொன்னேன். கவரையும் சொன்னேன், நோட்டையும் சொன்னேன். அவர் கட்டுரையைப் புரட்டிக்கொண்டே கேட்டார். முடித்ததும், "எண்பதுல ரெண்டு பேர். ரெண்டையும் எடுத்துட்டு எழுபத்தெட்டுன்னு போட்டுடலாம். முடிவு மாறாது. யார் கேக்கப் போறாங்க?" என்றார்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். எனக்கு உயிர் வந்தது. "சரி சார்" என்றேன். நன்றி வேறு சொன்னேன். இரண்டு மாடி இறங்கி, கேன்டீனில் டீ வாங்கி உட்கார்ந்தேன். டீ நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததுதான் என்னவோ செய்தது. இத்தனை வாரமாக எதுவும் ருசிக்கவில்லை, பொய்யை எழுபத்தெட்டு ஆக்கியதும் ருசிக்கிறதே என்று கூசியது. பாதி டம்ளரை வைத்துவிட்டு மறுபடி ஏறினேன்.

"சார், மத்த எழுபத்தெட்டு கவரையும் இதே கைதான் பிரிச்சுது. அதுல நான் எதையும் தொடலைன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அவர் கட்டுரையை மூடினார். "இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமேன்னு தோணுது எனக்கு. அப்படித் தோணுதேன்னு வெக்கமாவும் இருக்கு. எழுதிக் கொடுத்துட்டுப் போ" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். ஆய்வுக் குழு எல்லா நோட்டுகளையும் எடுத்துக்கொண்டது, உன்னுடையதையும்தான். கட்டுரை போகாது. எனக்கு நிரந்தர இடம் இந்த வருஷம் இல்லை, இனி எப்போதாவது உண்டா என்றும் தெரியாது. வார்டு வேலையை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் அந்தப் பெண்கள் தினமும் குனிந்து அளந்தது எல்லாம் வீண். அதுதான் என்னை அதிகம் வதைக்கிறது.

நேற்றுத் தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். முன்னறையில் இரண்டு மெஷின், தரையெல்லாம் வெட்டுத்துணி. ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை மெஷினை நிறுத்தவில்லை. காலர் முடிந்ததும் நூலைக் கடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எனக்கு வர வேண்டிய சீட்டு எது?"

"கரண்ட்."

"உங்க அக்காவுக்கு வந்தது?"

"கத்தி."

"அப்ப, கத்தியில எனக்கு ஏதாவது ஆனா ஆகட்டும்னு விட்டீங்க."

"அப்படி இல்லம்மா..."

"வேற எப்படி?"

ஆமாம் என்றேன். அவர் அடுத்த சட்டையை எடுத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ அவரைப் பார்த்தால், நான் இன்னொரு முறை வரலாமா என்று கேட்டுச் சொல். வேண்டாம் என்றால் வேண்டாம்.

சின்னவள்

*

ஏப்ரல் 11

சின்னவளே,

ஞாயிற்றுக்கிழமை தையல்காரம்மாவைப் போய்ப் பார்த்தேன். நோட்டு விஷயத்தை முதலில் நானே சொன்னேன், உன்னை மட்டும் அவர் முன்னால் நிறுத்திவிட்டு நான் யோக்கியமாக நிற்க முடியவில்லை. அவர் அளவு டேப்பை எடுத்தார். எனக்கு உள்ளே வைத்துக்கொள்ளப் பஞ்சு வைத்துத் தைத்துத் தருவதாக முன்பே சொல்லியிருந்தார். தனக்கும் அப்படித்தான் தைத்துக்கொண்டாராம். "குறுகாதீங்க டீச்சர், நிமிர்ந்து நில்லுங்க. அளவு தப்பா வருது" என்று இரண்டு தடவை அதட்டினார்.

உன்னைப் பற்றிக் கேட்டேன். நீ மறுபடி வர வேண்டாம் என்றார். "நல்ல டாக்டரா இருக்கலாம். ஆனா இனிமே எனக்கு வேற டாக்டர் போதும்." அதை நான் மென்மையாக்கிச் சொல்லப் போவதில்லை. அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

கிளம்பும்போது படிவரை வந்தார். "அன்னிக்கு நீங்க எப்படி நடுங்கினீங்க தெரியுமா? என் கையே சிவந்து போச்சு" என்றார். பிறகு, "உங்க தங்கச்சி அங்கதானே நின்னாங்க. அக்கா பயப்படறா, மாத்திக்கலாமான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, எடுத்துக்கோங்கன்னு சொல்லியிருப்பேன். கேக்கவே இல்லையே" என்றார்.

பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கேட்டிருந்தாலும் உங்கள் விதிப்படி அது தப்புத்தான், தெரியும். இருந்தாலும் அவரிடம் நாம் எடுத்துக்கொண்டது சீட்டை மட்டும் இல்லை. கொடுக்கிற வாய்ப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டுவிட்டோம். நாம் என்றுதான் எழுதுகிறேன், நீ என்று எழுதவில்லை.

நீர் மறுபடி கோத்திருக்கிறது. முன்னைவிடக் கொஞ்சம்தான், ஆனாலும் எடுக்க வேண்டும். வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு வருகிறேன். கண்ணாடி டாக்டர் வேண்டாம். ஊசியை நீ பிடி. எத்தனை மில்லி வந்தது என்பதை நீ குனிந்து படி, நான் தனியாகப் படிக்கிறேன். இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளாமல் எழுதுவோம். வேறு வேறாக வந்தால் வேறு வேறாகவே இருக்கட்டும்.

காயம் பார்க்க நன்றாக இருக்காது. நானே கண்ணாடியில் பார்ப்பதில்லை. வியாழக்கிழமை நாம் சேர்ந்து பார்க்கலாம். நீ மட்டும் திரைக்கு வெளியே நிற்காதே, உள்ளே வா.

அக்கா